பனிமூட்டம் மறைக்காத விண்மீன் எச்சங்கள்

மார்கழி நள்ளிரவில் பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களில் அண்ணாந்து பார்த்தால் பெரும்பாலும் மழைமுகில்தான் தெரியும். ஊவாவுக்கு வடகீழ்ப் பருவமழைக் காலம் அது. அந்த முகிலுக்கு மேலே, உச்சியிலிருந்து சுமார் 15 பாகை வடக்கே நண்டு நெபுலா நிற்கிறது. 1054ஆம் ஆண்டில் சீனர்கள் பட்டப்பகலிலும் கண்டு குறித்துவைத்த சுப்பர்நோவா வெடிப்பின் எச்சம். ஒளியை முகில் மறைக்கும். அந்த எச்சம் அனுப்பும் நீண்ட ரேடியோ அலைகள் முகிலை ஊடுருவி வந்துவிடும்.

பெரிய விண்மீன் வெடிக்கும்போது சிதறும் வாயு செக்கனுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் வேகத்தில் பாய்கிறது. அதன் அதிர்ச்சி முகப்பில் இலத்திரன்கள் ஒளியின் வேகத்தை நெருங்குமளவுக்கு உந்தப்பட்டு, காந்தப் புலத்தில் சுருண்டு சுழன்று ரேடியோ அலைகளை உமிழ்கின்றன. மீடிறன் குறையக் குறைய இந்தக் கதிர்வீச்சு வலுக்கும். சூடான சாதாரண வாயுமுகிலோ அங்கே மங்கிவிடும். இரண்டையும் பிரித்தறிய இதைவிட நல்ல வழி குறைவு. இன்னொன்றும் உண்டு: காசியோப்பியா ஏ என்ற எச்சத்தின் நடுப்பகுதி 74 மெகாஹேட்ஸில் எதிர்பார்த்ததைவிட மங்கலாகத் தெரிந்தது. அதிர்ச்சி அலை இன்னும் தொடாத குளிர்ந்த வாயு உள்ளே இருந்து அலைகளை உறிஞ்சுகிறது என்பதற்கு அது சான்று.

இந்தத் துறையில் நமக்கு மிக அருகே நடந்த வேலை, நம் உறவினர் பலர் வாழும் நீலகிரியில் நடந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இங்கிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்கள் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் மீண்டும் கொழுந்து பறித்தன. அதே மலையில், ஊட்டிக்கு அருகே முத்தொரையில், பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் குழு 1970இல் ஒரு ரேடியோ தொலைகாட்டியை நிறுவியது. நீளம் 530 மீற்றர், அகலம் 30 மீற்றர். அந்த இடத்தின் அகலக்கோடான 11 பாகைக்கு ஏறத்தாழ ஒத்த மலைச்சரிவைத் தேடிப்பிடித்தார்கள். அதனால் தொலைகாட்டியின் அச்சு பூமியின் அச்சுக்குச் சமாந்தரமானது. ஒரே அச்சில் உருட்டியே ஒரு விண்பொருளை ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் தொடரலாம். மலைநாட்டு நிலத்தை இவ்வளவு அறிவோடு பயன்படுத்திய கருவியை நான் அறியேன். பதுளையில் கட்டுவதானால் 7 பாகைச் சரிவு போதும்.

கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் 34.5 மெகாஹேட்ஸில் இயங்கிய ஆயிரம் இருமுனை அன்டெனாக்களின் வரிசை, எச்பி 9, ஐசி 443 என்ற எச்சங்களை ஆராய்ந்தது. முடிவுகள் 1982இல் வெளியாகின. மிதுனத்திலுள்ள ஐசி 443உம் நம் உச்சிக்கு அருகாகக் கடப்பதுதான்.

ஊவாவின் வானம் அரியது. வடக்கே காசியோப்பியா ஏ, தெற்கே வேலா எச்சம், இரண்டும் இங்கே சுமார் 38 பாகை உயரம் வரை எழும். இடைஞ்சலும் உண்டு: பூமியின் காந்த நடுக்கோடு நமக்கு அருகே செல்வதால், சூரியன் மறைந்தபின் அயன மண்டலம் கலங்கிக் குறைந்த மீடிறன் அலைகளைச் சிமிட்டவைக்கும்.

இங்கே ஒரு தொலைகாட்டி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பூனேக்கு அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி 150 மெகாஹேட்ஸில் எடுத்த வான்படங்கள் இணையத்தில் இலவசம். உயர்தர மாணவர் ஒருவர் இரண்டு மீடிறன்களில் ஒரு பொருளின் பிரகாசத்தை எடுத்து மடக்கை வரைபில் சரிவைக் கணித்தால், அது வெடித்த விண்மீனின் எச்சமா, வெறும் சூடான வாயுவா என்பதற்கு முதல் துப்பு கிடைத்துவிடும்.