நாட்பட்ட படர்தாமரையும் உடலின் நிர்ப்பீடனமும்

தென்மேற்குப் பருவமழை பொழியும் வைகாசி முதல் ஆவணி வரை, அட்டன், மஸ்கெலியாப் பகுதிகளிற் கொழுந்து பறிக்கும் பெண்கள் நனைந்த படங்கை இடுப்பில் இறுகக் கட்டியபடியே மலைச்சரிவில் நிற்கின்றனர். வெளியே குளிராயினும் படங்கின் கீழே தோல் வெதுவெதுப்பும் ஈரமுமாக இருக்கும். படர்தாமரைப் பங்கசுக்கு அது மிக உகந்த இடம். ஆயினும், ஈரம் நோய் தொற்றுவதற்கே காரணங் காட்டும். ஒருவருக்குச் சில வாரங்களில் ஆறும் நோய் மற்றொருவருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிப்பதேன் என்பதை நிர்ப்பீடனத்தைக் கொண்டே நாம் விளக்கவேண்டும்.

நீடிக்கும் படர்தாமரைக்குப் பெரிதும் காரணமாக அறியப்பட்டது ரைக்கோபைற்றன் ரூபிரம். 1910இல் இதனை விவரித்தவர் அந்நாளிற் கொழும்பிற் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் அல்டோ கஸ்ரெலானி என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. இப்பங்கசு தோலின் இறந்த மேற்படையிலுள்ள கெரற்றினை உண்டு வாழ்வது. குருதி ஓடாத அப்படையில் வாழும் பங்கசைப் பிறபொருளெதிரிகளால் அகற்ற இயலாது. அதனை வெளியேற்றுவது ரி நிணநீர்க்கலங்கள் தூண்டும் தாமதித்த அழற்சியே. அதனால் மேற்றோற் கலங்கள் விரைந்து பெருக, பங்கசு பற்றிய படை செதிளாய் உதிர்கிறது.

தோட்டங்களிற் பலர் மாடு வளர்க்கின்றனர். கன்றின் முகத்துப் படையைத் தொட்ட சிறுவனுக்குக் கடும் வீக்கமும் சீழும் உண்டாகலாம். பார்க்க அச்சந்தரினும் அது பெரும்பாலும் தானே ஆறிவிடும். மனிதரோடு நெடுங்காலம் பழகிய ரூபிரமோ அடங்கி வாழ்வது. அதன் கலச்சுவரிலுள்ள மனான் நிணநீர்க்கலங்களின் பெருக்கத்தைத் தடுப்பதை ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன. நாட்பட்ட நோயாளர் பலருக்கு ரைக்கோபைற்றினைத் தோலில் ஏற்றினால் சில நிமிடங்களிலேயே தடிப்பு எழுகிறது. இரு நாள் கழித்து எழவேண்டிய தடிப்பு எழுவதில்லை. எனவே அவர்களது உடல் வாளாவிருக்கவில்லை. பயன்படாத எதிர்வினையே அங்கு மேலோங்கியுள்ளது.

அரிப்புத் தாளாதவர் கடையில் வாங்கும் களிம்புகள் சிலவற்றில் வலிய ஸ்ரீரொயிட்டு கலந்திருக்கும். பூசிய சில நாட்களில் அரிப்பும் சிவப்பும் தணியும். உண்மையில் அங்கு தணிக்கப்பட்டது நோயை வெளியேற்ற உடல் மூட்டிய அழற்சியே. பங்கசு தடையின்றிப் பரவ, வளையத்தின் விளிம்பும் மறையும். 1968இல் ஐவ், மாக்ஸ் என்போர் விவரித்த இவ்வுருமறைந்த படர்தாமரையைக் கரப்பான் என மருத்துவரும் மயங்கக்கூடும். அம்மயக்கம் மீண்டும் ஸ்ரீரொயிட்டுக்கே வழிகாட்டும். 2020இற் பெயரிடப்பட்டதும், டேர்பினாபைன் மருந்துக்குப் பலவேளை பணியாததுமான ரைக்கோபைற்றன் இந்தோரினியே தென்னாசியாவிற் பரவியதற்கு இத்தகைய களிம்புகளும் துணைசெய்தன என்று தோல் மருத்துவர் பலர் கருதுகின்றனர்.

தோற்செதிளைச் சுரண்டிப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டிலிட்டு நுணுக்குக்காட்டியிற் பார்த்தால் பங்கசிழைகள் பெரும்பாலும் புலப்படும். இது சிறிய ஆய்வுகூடத்திலும் இயலக்கூடியது. அடையாளம் மறைந்த பின்னும் ஓரிரு வாரங்கள் பங்கசு மருந்தைத் தொடரவேண்டும். பலர் ஓரறையில் உறங்கும் லயங்களிலோ, நோயுள்ள எல்லோருக்கும் ஒரேவேளையில் மருந்திட்டு, துவாயையும் போர்வையையும் வெந்நீரிலே துவைத்து வெயிலில் உலர்த்தவேண்டும். ஆடிமழையில் அவ்வெயிலுக்கு எங்கே போவது என்று தோட்டத்தார் கேட்பது நியாயமே.