வண்டிக்குக் கவசம், பெயின்டருக்கு ஆபத்து! ரிம்மில் ‘ரப்பர் கோட்டிங்’ அடிக்கலாமா?

செம்பாக்கம்:

துரு பிடித்த வண்டிக்குக் கறுப்பாக ஒரு கோட்டிங் அடித்துவிட்டால் கவலை விட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். கோட்டிங் நல்லதுதான். ஆனால் அடிக்கக் கூடாத இடத்தில் அடித்தால் சக்கரமே கழன்று ஓடும். அடிக்கக் கூடாத முறையில் அடித்தால் பெயின்டரின் மூச்சுக்கே உலை வைக்கும்!

தாம்பரத்தில் இருந்து சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் வழியாக மேடவாக்கம் போகும் ரோட்டில் ‘குட்டி யானை’ வண்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. 2005-ம் ஆண்டு டாடா ஏஸ் வந்தபோது ஜனங்கள் வைத்த செல்லப் பெயர் அது. தண்ணீர் கேன், காய்கறி, சிமெண்டு, ஜல்லி என்று எதை ஏற்றினாலும் அடி வாங்குவது வண்டியின் தளம்தான். ஒரு கேனை இழுத்துத் தள்ளினால் ஒரு கோடு. அந்தக் கோட்டில் தண்ணீர் இறங்கினால் துரு.

கடல் உப்புக் காற்று ஒரு பக்கம். மழை வெள்ளம் இன்னொரு பக்கம். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் கார்களும் லோடு வண்டிகளும் தண்ணீரில் நின்றன. 2023 டிசம்பரில் ‘மிக்ஜாம்’ புயலிலும் புறநகரில் பல இடங்களில் வெள்ளம். தண்ணீர் வடிந்தாலும் சேறு வண்டிக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வேலையைக் காட்டும்.

அது என்ன கோட்டிங்?

அமெரிக்காவில் பிக்கப் வண்டிகளின் லோடு தளத்தில் அடிப்பதற்காகப் பிரபலமானது இது. ‘பெட் லைனர்’ என்று பெயர். காய்ந்த பிறகு ரப்பர் மாதிரி கெட்டியாக, சொரசொரப்பாக இருக்கும். சாமான் வழுக்காது. கல் பட்டாலும் சீக்கிரம் பெயராது.

இதில் இரண்டு திரவங்கள். இரண்டும் கலந்ததும் இறுகத் தொடங்கும். பெரிய மெஷினில் இரண்டையும் தனித்தனியாகச் சூடாக்கி, பலமான அழுத்தத்தில் கன் முனையில் கலந்து பீய்ச்சுவார்கள். சில விநாடிகளில் இறுகிவிடும். சுமார் 3 மில்லிமீட்டர் கனம் வரை ஏற்றலாம். மலிவு வகையில் பாட்டிலில் ஹார்டனரை ஊற்றிக் குலுக்கி, சாதாரண கம்ப்ரசரில் கன்னை மாட்டி அடிப்பார்கள். அது காய மணிக்கணக்கில் ஆகும். கனமும் குறைவு.

எங்கே அடிக்கலாம்?

லோடு தளம், பக்கப் பலகை, மட்கார்டின் உள்பக்கம், பம்பர், கதவுக்குக் கீழே கல் தெறிக்கும் பட்டை, ஃபுட்போர்டு. இந்த இடங்களில் தாராளமாக அடிக்கலாம்.

ஆனால் துருவின் மேல் அடித்தால் பணம் தண்டம்! மேலே பார்க்கப் பளிச்சென்று இருக்கும். உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு துரு அரித்துக்கொண்டே போகும். ஒரு நாள் தகடு தகடாகப் பெயர்ந்து வரும்போதுதான் ஓட்டை தெரியும். துருவை இரும்பு தெரியும்வரை தேய்த்து எடுக்க வேண்டும். கிரீஸ், எண்ணெய் துளியும் இருக்கக் கூடாது. பிரைமர் அடிக்க வேண்டும். பழைய பெயின்ட் நன்றாக இருந்தால் அதையும் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்க வேண்டும். கோட்டிங் நிற்பதும் நிற்காததும் இந்தத் தேய்ப்பில்தான் இருக்கிறது.

கதவுக்கு அடியில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவற்றை அடைத்துவிடக் கூடாது. சைலென்சர், பிரேக் டிரம், டிஸ்க், பிரேக் ஹோஸ் பக்கம் கன்னைத் திருப்பவே கூடாது.

சக்கரத்தில்தான் சங்கடம்!

இளவட்டங்களுக்கு இப்போது ஆசை ரிம்மில். ஜீப், கார் ரிம்மைக் கறுப்பாக்க இந்தக் கோட்டிங்கைக் கேட்கிறார்கள். கீறல் விழாது, கழுவுவது சுலபம் என்று எண்ணம்.

ரிம்மின் வெளிமுகத்தில் மெல்லிசாக அடித்தால் பெரிய குற்றமில்லை. ஆனால் மூன்று இடங்கள் ரொம்ப முக்கியம்.

ஒன்று, வீல் நட்டு உட்காரும் குழி. இரண்டு, ரிம் ஹப்போடு ஒட்டி நிற்கும் பின்முகம். இங்கே இரும்பும் இரும்பும் நேராகக் கவ்வ வேண்டும். நடுவே ரப்பர் மாதிரி ஒரு படலம் இருந்தால், நட்டை எவ்வளவு முறுக்கினாலும் ஓட ஓட அந்தப் படலம் நசுங்கும். முறுக்கு தளரும். நட்டு கழலும். லோடு வண்டியில் ஸ்டட் ஒடிந்து சக்கரம் தனியே ஓடினால், எதிரே வருகிறவன் கதி என்ன?

மூன்று, டயர் விளிம்பு உட்காரும் இடம். அங்கே மேடு பள்ளமாகக் கோட்டிங் இருந்தால் டியூப் இல்லாத டயரில் காற்று கசியும். தினமும் பஞ்சர் கடை வாசலில் நிற்க வேண்டியதுதான்.

அடிப்பதற்கு முன்பு இந்த மூன்று இடங்களையும் டேப் ஒட்டி மறைக்க வேண்டும். ஒரு பக்கம் கனமாகவும் ஒரு பக்கம் மெல்லிசாகவும் விழுந்தால் ஸ்டியரிங் ஆடும். அதனால் வீல் பேலன்சிங் கட்டாயம். மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். பிரேக் சூடு அதிகம் ஏறும் லோடு வண்டி ரிம்முக்குச் சாதாரண வீல் பெயின்டோ, பவுடர் கோட்டிங்கோ போதும். அதிலும் நட்டுக் குழியில் கனமாக ஏறாமல் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத எமன்

இந்தக் கோட்டிங்கின் இறுகும் பொருளில் ‘ஐசோசயனேட்’ என்ற ரசாயனம் இருக்கிறது. 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற விஷவாயுவும் அதே குடும்பம்தான். பெயின்டில் இருப்பது அந்த வாயு அல்ல. அவ்வளவு சுலபமாக ஆவியாகாத வகை. ஆனால் கன்னில் வைத்துப் பீய்ச்சும்போது பனி மாதிரி காற்றில் மிதக்கும். சுவாசித்தால் நேராக நுரையீரலுக்குள் போகும்.

இதன் வஞ்சகம் என்னவென்றால், ஆபத்தான அளவுக்கு இருந்தாலும் வாசனை தெரியாது. சிலருக்கு மாதக்கணக்கில் ஒன்றும் செய்யாது. ஒரு நாள் உடம்பு அதை எதிரியாகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் துளி பட்டாலும் இழுப்பு வரும். பட்டறையில் நன்றாக இருப்பார்; வீட்டுக்குப் போய் ராத்திரி படுத்ததும் இருமலும் இளைப்பும் வரும். ஞாயிற்றுக்கிழமை லீவில் குறையும். திங்கட்கிழமை மறுபடி ஆரம்பம். “தூசி அலர்ஜி”, “பனி ஒத்துக்கலை” என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்தினால் நோய் முற்றும்.

மூக்கில் கைக்குட்டை கட்டுவதால் பிரயோஜனம் இல்லை. கரோனா காலத்துத் துணி மாஸ்க்கும் உதவாது. வெளியில் இருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகமூடிதான் சரியான பாதுகாப்பு. கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டையும் வேண்டும். தோலில் படுவதும் கெடுதல். அடித்து முடித்த பிறகும் அந்தப் பனி கொஞ்ச நேரம் நிற்கும். உடனே முகமூடியைக் கழற்றக் கூடாது. டீ கொண்டுவரும் பையனை அந்தப் பக்கமே விடக் கூடாது. மூடிய ஷெட்டிலும், வீட்டு போர்டிகோவிலும் இந்த வேலை கூடவே கூடாது.

பிற்பாடு அந்த இடத்தில் வெல்டிங் வைக்க வேண்டி வந்தால் கோட்டிங்கை முதலில் சுரண்டி எடுக்க வேண்டும். சூடு பட்டால் அதே விஷம் மறுபடி புகையாக வரும். டிங்கர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூச்சுக் கோளாறுக்குச் செம்பாக்கத்துக்காரர்கள் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. 1928-ல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியம் இன்று அரசு நெஞ்சக மருத்துவமனை. ரயில்வே ஸ்டேஷனுக்கே அந்தப் பெயர்தான். அங்கே போகும் பெயின்டர், “இருமல் சார்” என்பதோடு நிறுத்தாமல், “ஸ்பிரே பெயின்ட் வேலை பார்க்கிறேன்” என்றும் சொல்ல வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்து அந்த வேலையில் இருந்து விலகினால் குணமாக வாய்ப்பு அதிகம்.

சேசிஸ் நம்பர் ஜாக்கிரதை!

சேசிஸில் பொறித்த நம்பரின் மேல் கோட்டிங் ஏறினால் எஃப்.சி. சமயத்தில் தலைவலி. அதையும் டேப் ஒட்டிக் காப்பாற்ற வேண்டும். வண்டி முழுக்க அடித்து நிறமே மாறினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிவித்து ஆர்.சி.யில் மாற்ற வேண்டும்.

இந்தக் கோட்டிங் தின்னர் போட்டுத் துடைத்தால் போகாது. தேய்த்தோ செதுக்கியோதான் எடுக்க வேண்டும். ஆகவே அடிப்பதற்கு முன்பே யோசிப்பது நல்லது.

பட்டறையில் வண்டியை விடும்போது “எவ்வளவு ஆகும்?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். “நட்டுக் குழியில டேப் ஒட்டுவீங்களா? அடிக்கிற தம்பிக்கு மாஸ்க் இருக்கா?” என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் காசு ஒன்றும் குறையாது. ஒருவேளை இரண்டு உயிர் மிஞ்சும்!