பச்சைப் புள்ளியும் அண்ணாச்சி நோட்டும்

"பாட்டி தவறிவிட்டார். மூன்று நாள் லீவு வேண்டும்."

இந்தச் செய்திக்குக் கீழே பதினோரு கட்டைவிரல்கள். போதாததற்கு ஒரு சிவப்பு ஹார்ட் வேறு! விசாரித்தால், 'பார்த்துவிட்டேன்' என்று அர்த்தமாம்.

போன வருஷம் பாரிமுனைப் பக்கம் ஒரு கம்பெனிக்குள் 'மைக்ரோசாஃப்ட் டீம்ஸ்' நுழைந்த முதல் வாரம் இது. ஹார்டுவேர் கம்பெனி. உடனே கம்ப்யூட்டர் என்று நினைத்துவிடாதீர்கள். தாழ்ப்பாள், கீல், ஸ்க்ரூ மொத்த வியாபாரம். மொத்தம் 35 பேர்.

சாஃப்ட்வேரை வாங்கியவர் முதலாளியின் மகன். விற்றவர்களே ஆள் அனுப்பி ஒரு நாள் டிரெயினிங் கொடுத்தார்கள். ஏ.ஸி. ஹால், 80 ஸ்லைடு, மத்தியானம் பிரியாணி. பிரியாணிக்குப் பிறகு வந்த ஸ்லைடுகளைப் பார்த்தவர் யாருமில்லை. மறுநாள் காலை எல்லோரும் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டார்கள்: "டீம்ஸ்ல போட்டிருக்கேன், பாத்தீங்களா?"

அங்கே மானேஜர் என்னோடு பி.காம். படித்தவன். "நீதான் எழுதறவனாச்சே, கணக்கும் தெரியும். ரெண்டு வாரம் வந்து உக்காந்து இவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லிக் குடுடா" என்றான். எழுதிச் சம்பாதிப்பவனுக்கு மாதக் கடைசியில் 'முடியாது' என்று சொல்ல வராது. போனேன்.

முதல் மூன்று நாள் நானும் அதே தப்பைத்தான் செய்தேன். இந்தப் பட்டன் இதற்கு, அந்தப் பட்டன் அதற்கு. எல்லோரும் அழகாகத் தலையாட்டினார்கள். ஆனால் உருப்படியாக மனதில் ஏறியது பச்சைப் புள்ளி மட்டும்தான். கம்ப்யூட்டரை ஐந்து நிமிஷம் தொடாவிட்டால் நம் பெயருக்குப் பக்கத்திலுள்ள பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். 'சின்ன முதலாளி மாடியிலிருந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்று யாரோ கிளப்பிவிட, டீ குடிக்கப் போகிறவர்கள் பக்கத்து சீட்காரரிடம், "மவுஸை அப்பப்ப ஆட்டி விடுப்பா" என்று சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். வேலையைப் பகிர்ந்துகொள்ள வந்த சாஃப்ட்வேர். இவர்கள் பகிர்ந்துகொண்டது மவுஸை!

நாலாவது நாள் பில்லிங் பெண் கேட்டார்: "சார், ஃபைலை சாட்லயே அனுப்பினா போகுது. எதுக்கு சேனல்ல போடச் சொல்றீங்க?"

நல்ல கேள்வி. சாட்டில் அனுப்பும் ஃபைல், அனுப்பியவருடைய சொந்த 'ஒன்டிரைவ்' அலமாரியில் இருக்கும். சேனலில் போட்டால் எல்லோருக்கும் பொதுவான 'ஷேர்பாயின்ட்'டில் இருக்கும். நாளைக்கே அவர் வேலையை விட்டுப் போய், அவர் கணக்கையும் நீக்கிவிட்டால்? வேறு ஏற்பாடு செய்யாத பட்சத்தில் 30 நாளில் அந்த ஒன்டிரைவும் மூட்டை கட்டிவிடும். அப்புறம் தேடி எடுப்பது பெரும்பாடு. "11-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1 போடணும். 10-ம் தேதி ராத்திரி ஃபைலைக் காணோம்னா?" என்றேன். அன்றைக்கே முப்பது ஃபைல் சேனலுக்கு இடம் மாறியது. ஒரே எக்ஸெல் ஷீட்டை நாலு பேர் ஒரே சமயத்தில் திருத்தலாம், பழைய நகலும் பத்திரமாக இருக்கும் என்று காட்டியதும், 'ஸ்டாக் ஃபைனல்', 'ஸ்டாக் நிஜமான ஃபைனல்' என்று பெருகிக் கிடந்த வம்சமும் ஒழிந்தது.

டிரெயினிங் என்றால் இவ்வளவுதானே என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டபோதுதான் அண்ணாச்சி குறுக்கே வந்தார்.

அண்ணாச்சி சீனியர் அக்கவுன்டன்ட். வயது 57. அவரிடம் நீளமாக ஒரு நோட்டு உண்டு. எந்தக் கடைக்கு எத்தனை நாள் கடன், யார் செக் எப்போது திரும்பி வரும், எந்த ஊருக்கு எந்த லாரி ஆபீஸ், எல்லாம் அதில்தான். "அண்ணாச்சி, அந்த விழுப்புரம் பார்ட்டி..." என்று ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். அதைப் பட்டியலாக்கிச் சேனலில் போட்டால் பாதி அலைச்சல் மிச்சம் என்றேன்.

"போட்டுருவோம் தம்பி" என்றார். போடவில்லை. கண்ணாடி உடைந்துவிட்டது என்றார். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றார். கடைசியில் ஒருநாள் டீக்கடையில் மெல்லச் சொன்னார்:

"முப்பது வருஷமா எல்லாரும் என் மேசைக்கு வாராங்க. இதையும் அதுல ஏத்திட்டா நாளைக்கு எவன் வருவான்? 58-க்கு அப்புறம் எனக்கு எக்ஸ்டென்ஷன் குடுக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிறவங்க கையில, நானே நோட்டைக் கொண்டு குடுக்கணுமா?"

எனக்குப் பதில் வரவில்லை. டீ ஆறிப்போனது.

அண்ணாச்சியைப் பிடிவாதக்காரர் என்று சொல்லிவிடாதீர்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். எம்.ஐ.டி.யைச் சேர்ந்த வாண்டா ஆர்லிகோவ்ஸ்கி 1992-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். பெரிய ஆலோசனைக் கம்பெனி ஒன்று, தெரிந்ததை எல்லோரும் பகிர்ந்துகொள்ளட்டும் என்று 'லோட்டஸ் நோட்ஸ்' சாஃப்ட்வேரை வாங்கியது. ஆனால் பிரமோஷனுக்கு ஒருவரை ஒருவர் முந்த வேண்டிய இடத்தில், கையிலிருக்கும் சரக்கை யார் அவிழ்ப்பார்கள்? இன்னொரு சங்கதி, பி.காம்.காரனான எனக்கு ரொம்பப் பிடித்தது. அங்கே ஒவ்வொரு மணி நேரத்தையும் ஏதாவது ஒரு கிளையன்ட் கணக்கில் எழுதியாக வேண்டும். சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ளும் நேரத்தை யார் கணக்கில் எழுதுவது? அதனால் பலர் அந்தப் பக்கமே போகவில்லை. பகிர்வதில் அவ்வளவு தயக்கம் காட்டாதவர்கள் மேல்மட்டத்துப் பார்ட்னர்கள்தான். நாற்காலி ஆடாதவர்கள்!

நேரே சின்ன முதலாளியிடம் போனேன். "நோட்டைக் குடுத்தா அண்ணாச்சிக்கு எக்ஸ்டென்ஷன் உண்டா சார்?"

"நீங்க டீம்ஸ் சொல்லிக் குடுக்க வந்தீங்களா, யூனியன் ஆரம்பிக்க வந்தீங்களா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பதில் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து லெட்டர் வந்தது. நான் கேட்டிருந்தது ரெண்டு வருஷம், வந்தது ஒன்று.

அண்ணாச்சி அதை இரண்டு தடவை படித்துவிட்டுச் சட்டைப் பையில் மடித்து வைத்தார். மறுநாளிலிருந்து தினம் சாயங்காலம் நாலிலிருந்து ஐந்து வரை, ஆபீஸ் நேரத்திலேயே (இதை மானேஜரிடம் சண்டை போட்டு வாங்கினேன்), அவர் வாசிக்க, பில்லிங் பெண் டைப் அடிக்க, 'பார்ட்டி விவரம்' சேனல் நிரம்பியது. அதில் எதைத் திருத்துவதானாலும் அண்ணாச்சியைக் கேட்டுத்தான் திருத்த வேண்டும் என்று ஏற்பாடு. இப்போது அவரை டீம்ஸிலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். அவரும் கட்டைவிரல் போடப் பழகிவிட்டார்.

கடைசி நாள் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஏற்றி முடித்த பக்கங்களில் எல்லாம் சிவப்பு டிக். நடுவே நாலு பக்கம் மட்டும் மடித்து ஸ்டேப்ளர் அடித்திருந்தது.

"இது என்ன அண்ணாச்சி?"

"லெட்டர்ல ஒரு வருஷம்தானே தம்பி போட்டிருக்கு?" என்றார்.