பேசாத கருவியின் கதை

அறிவியல் புனைகதை எழுதுபவர், ‘விண்கலத்தோடு பேச உதவும் சிறு கருவி’ என ஒரு தொடரில் எழுதிவிட்டு மேலே செல்லலாம். திரைப்படைப்பில் அது இயலாது. கருவியின் அளவு, நிறம், திறக்கும் முறை ஆகிய அனைத்தையும் ஒருவர் முடிவுசெய்து, தம் கையால் உருவாக்கித் தருதல் வேண்டும். இக்கலைக்குச் சிறந்த சான்று, ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் இடம்பெற்ற ‘கம்யூனிகேட்டர்’ ஆகும்.

கைவினைத்திறன்

இத்தொடர் 1966ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. வேற்றுக்கோளில் இறங்கியோர் தம் விண்கலத்தோடு பேசுவதற்கு இக்கருவியைப் பயன்படுத்துவதாகக் கதை அமைந்தது. இதனை உருவாக்கியவர், ஹவாயில் பிறந்த சீன மரபினரான வா மிங் சாங் (1917 – 2003) என்னும் சிற்பி.

கருவியோ உள்ளங்கையில் அடங்கும் கரிய நெகிழிப் பெட்டி. அதன்மேல் பொன்னிற வலைமூடி. திறந்தால் அதுவே அலைவாங்கி. உண்மையில் அதனால் பேசவோ கேட்கவோ இயலாது. அண்மைக் காட்சிகளுக்கெனச் செய்யப்பட்ட கருவியினுள் நிறுத்துக் கடிகாரத்தின் பொறி பொருத்தப்பட்டிருந்தது. அது கோடுகள் வரையப்பட்ட வட்டத்தகட்டைச் சுழற்றும்போது, கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து அலைகளாய் அசைவதுபோல் தோன்றும். கீச்சொலி பின்னர் ஒலிப்பதிவில் சேர்க்கப்பட்டது. நடிகர் மணிக்கட்டைச் சுண்டியதும் மூடி திறக்கும். கம்பியால் சுவரோடு பிணைக்கப்பட்ட தொலைபேசியில் எண்வட்டைச் சுழற்றிப் பழகிய மக்களுக்கு அவ்வெளிமை வியப்பளித்தது.

கற்பனையும் கண்டுபிடிப்பும்

கம்யூனிகேட்டரிலிருந்தே செல்பேசி பிறந்தது எனக் கூறுவோர் உளர். அது முழு உண்மை அன்று. கையில் ஏந்தும் வானொலிக் கருவிகள் இரண்டாம் உலகப்போரிலேயே பயன்பட்டன. ‘டிக் டிரேசி’ என்னும் சித்திரக்கதையின் நாயகன் 1946ஆம் ஆண்டிலேயே மணிக்கட்டு வானொலியில் பேசினான். 1973 ஏப்ரல் 3ஆம் நாள் மார்ட்டின் கூப்பர் கைச்செல்பேசியில் முதல் அழைப்பை விடுத்தார். அக்கருவி ஏறத்தாழ 1 கிலோகிராம் எடையுடையது. 1996ஆம் ஆண்டில்தான் 100 கிராமுக்கும் குறைந்த எடையில், மடித்துத் திறக்கும் ‘ஸ்டார்டாக்’ செல்பேசியை மோட்டோரோலா நிறுவனம் வெளியிட்டது. சாங்கின் பெட்டியைத் திரையில் கண்டோருக்கு அதன் வடிவம் புதிதன்று.

மின்சுற்றுகளை வகுத்தவர்கள் பொறியாளர்களே. எனினும், தொலைத்தொடர்புக் கருவி சட்டைப்பையில் அடங்க வேண்டும், ஒரு கையசைவில் திறக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பை மக்கள் மனத்தில் ஊன்றியதில் அக்கைவினைப் பெட்டிக்கும் பங்குண்டு. தொடரின் பெயர்ப்பட்டியலில் சாங்கின் பெயர் இடம்பெறவில்லை. ஆயினும், அவர் வடித்த பெட்டியின் சாயல் பின்னாளில் கோடிக்கணக்கான மக்களின் கைகளில் தவழ்ந்தது.