நூற்றைம்பதில் ஒன்று

கர்ப்பத்தின் பன்னிரண்டாவது வாரத்தில் எடுத்த டபுள் மார்க்கர் ரிப்போர்ட்டில் ‘ஹை ரிஸ்க், 1:150’ என்று வந்துவிட்டால் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். இதே அளவுகள் வந்த 150 கர்ப்பிணிகளை மூன்று பேருந்துகளில் உட்கார வைத்தால், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையைச் சுமப்பவர் அவர்களில் சுமார் ஒருவர். மற்ற 149 பேரின் குழந்தைகளுக்கு அது இல்லை. 250-இல் ஒன்று என்ற கோட்டைத் தாண்டினாலே பல ஆய்வகங்கள் ‘ஹை ரிஸ்க்’ என்று எழுதிவிடுகின்றன. அந்த 149-ஐயும் பக்கத்திலேயே அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்?

இத்தனைக்கும் டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணமான கூடுதல் 21-ஆம் குரோமோசோம் குழந்தைக்கு இருக்கிறதா என்று இதுவரை யாரும் பார்க்கவே இல்லை. தாயின் வயது, என்.டி. ஸ்கேனில் தெரியும் சிசுவின் பிடரித் தோலடி நீரின் தடிமன், நஞ்சுக்கொடி சுரந்து தாயின் ரத்தத்தில் விடும் இரண்டு புரதங்கள், இவ்வளவுதான் கையில் உள்ள துப்பு. டவுன் சிண்ட்ரோம் உள்ள கர்ப்பங்களில் ஒரு புரதம் சராசரியாகப் பாதியாகக் குறையும். மற்றது ஏறக்குறைய இரட்டிக்கும். எந்தக் குறையும் இல்லாத கர்ப்பத்திலும் இப்படி ஏறி இறங்கலாம். பிடரி நீரோ இரண்டு, மூன்று மில்லிமீட்டர் சமாச்சாரம். அளப்பவர் கை இம்மி பிசகினாலும் கணக்கு மாறும்.

அடுத்த துப்பு 1997-இல் கிடைத்தது. புற்றுநோய்க் கட்டியின் டி.என்.ஏ. நோயாளியின் ரத்தத்தில் மிதப்பதாகப் படித்த ஹாங்காங் விஞ்ஞானி டென்னிஸ் லோவுக்கு ஒரு சந்தேகம்: கட்டி உதிர்க்கும் என்றால் கரு உதிர்க்காதா? தாயின் ரத்த பிளாஸ்மாவை, இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் வேகவைக்கிற மாதிரி, சில நிமிடம் கொதிக்க வைத்தார். ஆண் குழந்தையைச் சுமந்த தாய்மாரிடம் ஒய் குரோமோசோமின் துண்டுகளைத் தேடினார். இருந்தன! (நம் நாட்டு ரிப்போர்ட்டில் இந்தத் தகவல் வராது, பாலினத்தைச் சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.)

இதிலிருந்து பிறந்ததுதான் என்.ஐ.பி.டி., அதாவது தாயின் ரத்தத்தை மட்டும் வைத்துக் கருவைச் சோதிக்கும் முறை. ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. துண்டுகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் கருவின் பங்கு, மிச்சம் தாயுடையது. இரண்டையும் பிரிக்கக்கூட வேண்டாம், எண்ணினால் போதும். மரபணுத் தொகுதியில் 21-ஆம் குரோமோசோம் சுமார் 1.5 சதவீதம். ஒரு கோடி துண்டுகளை எண்ணினால் 1,50,000 அதனுடையதாக இருக்க வேண்டும். கருவுக்கு அந்தக் குரோமோசோம் மூன்றாக இருந்தால் எண்ணிக்கை 1,57,500 ஆகும். நூறு துண்டுகளில் இந்த வித்தியாசம் கண்ணில் படாது; கோடியில் தப்பாது.

ஆனால் ‘கருவின் துண்டு’ என்கிறோமே, அது உண்மையில் நஞ்சுக்கொடி உதிர்த்தது. நஞ்சுக்கொடியும் குழந்தையும் ஒரே கருமுட்டையிலிருந்து வந்தாலும், சில வேளை கூடுதல் குரோமோசோம் நஞ்சுக்கொடியில் மட்டும் தங்கிவிடும்; குழந்தைக்கு ஒன்றும் இருக்காது. இதைவிட விசித்திரம், கணக்கு தாறுமாறாக வந்த சில தாய்மாரைத் துருவியபோது, அவர்களுக்கே தெரியாமல் உடலில் இருந்த புற்றுநோய் அகப்பட்டது. அதனால்தான் என்.ஐ.பி.டி. ‘பாசிட்டிவ்’ என்றாலும், அதை மட்டும் நம்பி எந்த முடிவுக்கும் போகக் கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள்.

உறுதி செய்வது பனிக்குட நீர்ப் பரிசோதனை. கருச்சிதைவு அபாயம் மிகச் சிறிதளவு உண்டு என்பதால் எல்லோருக்கும் இதைச் செய்வதில்லை. பதினைந்து வாரம் கடந்தபின், ஸ்கேனில் பார்த்தபடியே மெல்லிய ஊசியால் இரண்டு, மூன்று ஸ்பூன் நீர் எடுப்பார்கள். குழந்தையின் தோலிலிருந்து உதிர்ந்த செல்கள் அதில் மிதக்கும். ஒளிரும் குறியீடுகளை ஒட்டிப் பார்க்கும் ‘ஃபிஷ்’ முறையில் சில நாட்களிலேயே முதல் பதில் வந்துவிடும். முழு ரிப்போர்ட்டுக்கு இரண்டு வாரம் போல ஆகும். ஆய்வகத்தின் மெத்தனம் என்று நினைக்க வேண்டாம். குரோமோசோம்கள் தனித்தனியாகத் தெரிவது செல் இரண்டாகப் பிரியும் நேரத்தில் மட்டும்தான். அந்தச் செல்களை வளர்த்துப் பெருக்கி, பிரியும் தருணத்தில் நிறுத்திப் படமெடுக்க அத்தனை நாள் வேண்டியிருக்கிறது.