சூடு அறியும் இயந்திரம்

காற்று, நீராவி, கணிப்பொறி மூன்றும் சேர்ந்து ஓட்டல்களின் ஓவனை அடியோடு மாற்றிவிட்டன. விறகடுப்பையும் கைப்பழக்கத்தையும் நம்பியிருக்கும் பேக்கரிகள் என்ன ஆகும்?

புனேயின் விமான் நகர், பெயருக்கு ஏற்றாற்போல் லோஹகாவ் விமான நிலையத்தை ஒட்டிய பகுதி. நட்சத்திர ஓட்டல்களும் மென்பொருள் அலுவலகங்களும் நிறைந்தது. பேக்கிங் பவுடருக்கும் கஸ்டர்ட் பவுடருக்கும் பெயர்பெற்ற வீக்ஃபீல்டின் பெயரை இன்று இங்கே ஒரு ஐ.டி. பூங்கா தாங்கி நிற்கிறது. இந்த வழியாக விமானம் ஏறப் போகிறவர்கள் பலரின் பையில் ஷ்ரூஸ்பரி பிஸ்கட் பொட்டலம் இருக்கும். கேம்ப் பகுதியின் ஈஸ்ட் தெருவில் 1955இல் ஈரானியக் குடும்பம் ஒன்று தொடங்கிய கயானி பேக்கரியும் அதன் விறகடுப்பும் அந்த பிஸ்கட்டுக்குப் புகழ் தேடித் தந்தவை.

பிஸ்கட் வெந்தது விறகுச் சூட்டில். பயணி தங்கிய ஓட்டலின் காலை உணவு வெந்தது நீராவியையும் சூடான காற்றையும் கலந்து தரும் மின்னணு ஓவனில். விமானத்தில் சூடான சாப்பாடு தந்தால், அது சூடாவது விசிறி பொருத்திய சிறு ஓவனில். ஒரே பயணத்தில் மூன்று தலைமுறை ஓவன்கள்.

விசிறி ஓவன் பிறந்ததே விமானத்துக்காகத்தான் என்பது சுவையான பொருத்தம். உறைய வைத்த சாப்பாட்டுத் தட்டுகளை நடுவானில் சூடாக்க, அமெரிக்கரான வில்லியம் மேக்ஸன் 1945இல் பின்புறம் மின்விசிறி வைத்த ஒரு பெட்டியை உருவாக்கினார். சுழல்காற்று என்று பொருள்படும் ‘வேர்ல்விண்ட்’ என்பது அதன் பெயர். அதிலிருந்த தத்துவம் எளியது. அசையாத காற்று, உணவைச் சுற்றி மெல்லிய போர்வைபோல் படிந்து சூட்டைத் தடுக்கிறது. விசிறி அந்தப் போர்வையை விலக்குகிறது. கொதிக்கும் கஞ்சியை விசிறி ஆற்றுகிறோம் அல்லவா? அதே வேலைதான், திசை மட்டும் நேரெதிர். பழைய ஓவனைவிட 20 டிகிரி அளவுக்குக் குறைந்த சூட்டிலேயே வேலை முடிந்துவிடும்.

அடுத்தது நீராவி. இதன் வலிமையை இட்லி அவிப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 100 டிகிரி உலர்ந்த காற்றில் ஒரு சில விநாடி கையை வைத்திருக்கலாம். அதே சூட்டில் இட்லிக் கொப்பரையிலிருந்து எழும் ஆவி தோலைப் பொசுக்கிவிடும். காரணம், ஒரு கிலோ நீராவி மறுபடி நீராகும்போது சுமார் 540 கிலோ கலோரி வெப்பத்தை இறக்கிவிட்டுப் போகிறது. ஆனால் ஆவியால் இட்லியை வேகவைக்க முடியுமே தவிர, ரொட்டியைச் சிவக்கவைக்க முடியாது. மேற்பரப்பு உலர்ந்தால்தான் நிறமும் மணமும் வரும்.

இரண்டையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்தது ஜெர்மனியின் லான்ட்ஸ்பெர்க் நகரில் 1973இல் தொடங்கப்பட்ட ராஷனல் நிறுவனம். அதன் ‘காம்பி’ ஓவன் 1976இல் வெளிவந்தது. ரொட்டி முதலில் ஆவியில் உப்பும். பிறகு ஆவியை வெளியேற்றிவிட்டு உலர்ந்த காற்று மேலோட்டைச் சிவக்கவைக்கும். சோறு, மீன், கோழி, கேக் என்று பல வேலைகளை ஒரே இயந்திரம் செய்வதால், இடம் போதாத ஓட்டல் சமையலறைகளுக்கு அது வரப்பிரசாதமானது.

மூன்றாவது மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. பிரிட்டனில் 1923இல் ‘ரெகுலோ’ என்ற கருவி வந்தபோது, கேஸ் அடுப்பு தன் சூட்டைத் தானே கட்டுப்படுத்தத் தொடங்கியது. அதற்குப் பின் வந்த சாதாரண மின் ஓவன்களின் தெர்மோஸ்டாட்டுக்குத் தெரிந்ததெல்லாம் நிறுத்துவதும் மீண்டும் இயக்குவதும்தான். அதனால் சூடு பல டிகிரி ஏறி இறங்கும். இன்றைய மின்னணுக் கட்டுப்பாடு, சூடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதையும் கணக்கிட்டு, எல்லையைத் தொடுமுன்பே சக்தியைக் குறைக்கிறது. கோழிக்கறிக்குள் செருகிய ஊசி உட்புறச் சூட்டைச் சொல்கிறது. 75 டிகிரியைத் தொட்டதும் மணி அடிக்கிறது. ஈரப்பதத்தை அளக்கத் தனி உணர்கருவி உண்டு. 2004இல் ராஷனல் கொண்டுவந்த ஓவன், எந்த உணவு, எவ்வளவு சிவக்க வேண்டும் என்று சொன்னால் போதும், சூட்டையும் நேரத்தையும் தானே தீர்மானித்தது. ஒரு சமையல்காரர் பதிவுசெய்த முறையை இப்போது வேறு ஊர்களிலுள்ள கிளைகளின் ஓவன்களுக்கும் அனுப்பலாம்.

விறகடுப்பில் இந்த அறிவு முழுவதும் மனிதரிடம் இருந்தது. ஈழத்தில் போறணை என்றும் மராட்டியில் பட்டி என்றும் அழைக்கப்படும் இந்தச் செங்கல் அடுப்பு, எரிவதால் மட்டும் வேகவைப்பதில்லை; செங்கல் உறிஞ்சி வைத்திருக்கும் சூட்டை மெல்ல மெல்லத் திருப்பித் தருகிறது. அடுப்பு கொதிக்கும்போது பாவ் ரொட்டி, கொஞ்சம் தணிந்ததும் பிஸ்கட், கடைசியில் இரவு முழுக்கக் காயும் ரஸ்க். இறங்கும் சூட்டில் எதுவும் வீணாவதில்லை. எப்போது எதை உள்ளே தள்ளுவது? வாயிலருகே நீட்டிய கையும், தரையில் தூவிய மாவு நிறம் மாறும் வேகமும் சொல்லும்.

ஆனால் அந்தக் கைக்கு உரியவரின் நுரையீரலையும் நினைக்க வேண்டும். நகரத்து பேக்கரிகளில் எரிவது பெரும்பாலும் காட்டு விறகல்ல. இடித்த கட்டடங்களின் மரமும் உடைந்த மேஜை நாற்காலிகளும். மரத்தோடு பெயின்ட்டும் பசையும் சேர்ந்து எரிகின்றன. காற்று மாசு வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில், மும்பையில் விறகும் நிலக்கரியும் எரிக்கும் பேக்கரிகளும் உணவு விடுதிகளும் 6 மாதங்களுக்குள் கேஸ் போன்ற தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. அவகாசம் போதாது என்று பேக்கரிக்காரர்கள் மீண்டும் நீதிமன்றப் படியேறினார்கள். அதே மாநிலத்தில், 150 கி.மீ. தொலைவிலுள்ள புனேக்கும் இந்தக் கேள்வி வந்து சேர அதிக நாள் ஆகாது.

அவர்கள் தயங்குவதற்குக் காரணம் பழைமைப் பற்று மட்டுமல்ல. பெரிய காம்பி ஓவனின் விலை பல லட்சம் ரூபாய். உப்பு நீர் புகுந்தால் நீராவிக் குழாயில் சுண்ணாம்பு படியும். மின்சாரம் போனால் வேலை நிற்கும். பழுதானால் கொத்தனாரைக் கூப்பிட்டுச் சரிசெய்ய முடியாது. சிறிய பேக்கரிகளுக்குப் பொருத்தமானது, தட்டு அடுக்கிய வண்டி சூடான காற்றில் சுழலும் கேஸ் ‘ரோட்டரி’ ஓவன். அதற்கும் கடனுதவி வேண்டும், பயிற்சி வேண்டும், இடம் வேண்டும்.

புதிய ஓவன் ருசியைக் கெடுத்துவிடும் என்ற பயம் பாதிதான் உண்மை. பாவ், பிஸ்கட் போன்றவற்றில் புகையின் பங்கைவிடச் செங்கல்லின் பங்கே பெரிது: கீழிருந்து ஏறும் சூடு, மூடிய அடுப்பில் தேங்கும் ஈரம், மெல்லத் தணியும் வேகம். இவை அனைத்தும் அளக்கக்கூடியவை. அளக்கக்கூடியதை ஓவனுக்குக் கற்றுத்தரவும் முடியும். ஆனால் அதைக் கற்றுத்தரக்கூடியவர், முப்பது வருடம் அடுப்பின் முன் நின்றவர்தான். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இயந்திரத்தை வாங்கினால், தொழிற்சாலையிலிருந்து வந்த கணக்குப்படியே பாவ் வேகும். அவரையே இயந்திரத்தின் முன் நிற்கவைத்தால், அந்தக் கணக்கு அவருடையதாக இருக்கும்.

விமான் நகர் ஓட்டல்களில் பொத்தானை அழுத்தினால் காலை உணவு தயாராகிவிடுகிறது. பயணி ஊருக்கு எடுத்துப் போவதோ பிஸ்கட் பொட்டலத்தைத்தான்.