கண்டி நாட்டில் உழவுச் சுற்றுலா

உழவுக்கெனத் தனியதிகாரம் வகுத்த வள்ளுவரின் வழிவந்த நமக்கு அத்தொழிலின் உயர்வை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயின், விளைநிலமே காட்சிக்குரிய இடமாகவும் உழவனே விருந்தோம்புவோனாகவும் அமையும் புதுமையொன்று இந்நாளில் உலகெங்கும் பரவி வருகின்றது. இதனை உழவுச் சுற்றுலா என்பர். நகரத்தார் பண்ணைக்குச் சென்று, பயிர்த்தொழிலைக் கண்டு, விளைபொருளை உண்டும் வாங்கியும் மீள்வர். உழவனுக்கு விளைச்சலின் வருவாயோடு மற்றொரு வருவாயும் கிட்டும்.

இத்துறையில் கண்டியும் அதன் சூழலும் பெற்றுள்ள வாய்ப்பு பெரிது. மன்னர் காலத்திலேயே அரச தோட்டமாக விளங்கிய பேராதனையில் 1821 ஆம் ஆண்டில் தாவரவியற் பூங்கா நிறுவப்பெற்றது. மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோட, 147 ஏக்கர் பரப்பில் அது திகழ்கின்றது. ஆற்றின் மறுகரையிலுள்ள கன்னொறுவையில் விவசாயத் திணைக்களம் தொழினுட்பப் பூங்கா ஒன்றை அமைத்துப் பயிர்வகைகளையும் வீட்டுத்தோட்ட மாதிரிகளையும் பொதுமக்களுக்குக் காட்டுகின்றது. ஹந்தானையில் 1925 இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலையொன்று, தேயிலைச் சபையும் தோட்டத்துரைமார் சங்கமும் கூடி முயன்றதன் பயனாக 2001 இல் நூதனசாலையாயிற்று. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரையும் கண்டி மாவட்டத்திலேயே உள்ளது.

இம்முயற்சிகள் போற்றத்தக்கனவே. எனினும், இவற்றுட் பெரும்பாலும் காட்டப்படுவன செடியும் கருவியும் இயந்திரமுமாம். காட்டை வெட்டி, மலையைத் திருத்தி, கொழுந்து பறித்த மனிதன் எங்கே? தமிழகத்திலிருந்து வந்து முதலிற் கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்கும் உழைத்தோரின் வரலாறு காட்சியின் ஓரத்தில் நிற்கலாகாது. இக்குறையை ஓரளவு நீக்குவது கம்பளையை அடுத்த பரதெக்கவில் 2007 இல் திறக்கப்பெற்ற தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாகும். பழைய லயத்து அறைகளில் அமைந்த அதனைத் தோற்றுவித்தது அரசன்று, தன்னார்வ நிறுவனமொன்றே.

மாணவரை அங்கு அழைத்துச் சென்றபோது, பழைய கூடையொன்றைக் கண்ட மாணவியொருத்தி, "ஐயா, இது எங்கள் பாட்டி வீட்டிலும் உண்டு. இதைப் பார்க்கவா தொலைவிலிருந்து வருகிறார்கள்?" என்று வியந்தாள். தன் குடியின் உழைப்பும் காணத்தக்கதே என அவள் உணர்ந்த அக்கணம் பாடநூல் பலவற்றினும் மேலாயிற்று.

இனி, வருவாய் யாரைச் சென்றடைகின்றது என்பதும் ஆராயற்பாலது. இத்தாலி நாடு 1985 இல் இயற்றிய சட்டம், விருந்தினரை ஏற்கும் பண்ணையில் பயிர்த்தொழிலே முதன்மையாக இருத்தல் வேண்டுமென விதித்தது. விடுதி நடத்துவோன் உழவன் வேடம் புனையாதவாறு காக்கும் வேலி அது. நம் நாட்டிலோ துரைமார் பங்களாக்கள் சில விருந்தினர் விடுதிகளாயின; லயத்தில் வாழ்வோர்க்கு அதனால் விளையும் பயன் சிறிதே.

பலா, கமுகு, மிளகு, கராம்பு, சாதிக்காய் என்பன ஒன்றன் நிழலில் ஒன்று வளரும் கண்டி வீட்டுத்தோட்டம் உலகறிஞர் வியக்கும் அமைப்பாகும். அதன் உரிமையாளனும் மலைநாட்டுத் தொழிலாளியும் வழிகாட்டிகளாகவும் விருந்தோம்புவோராகவும் பயிற்சி பெறுதல் வேண்டும். கிட்டும் வருவாயில் அவர்க்குரிய பங்கு விதியால் உறுதிசெய்யப்படல் வேண்டும். மலையின் அழகை விற்று, அம்மலையைத் திருத்தியவனை மறத்தல் அறமாகாது. உழைத்தவனைக் காட்சிப் பொருளாக்காது விருந்தளிக்கும் தலைவனாக்குவதே உழவுச் சுற்றுலாவின் உண்மைப் பயனாம்.